நள்ளிரவுக்குப் பிறகும் கப்பலிலேயே இருந்தவர்

கேள்வி இது: "இங்கிலாந்துக் கரைக்கு வெளியே கப்பலில் உட்கார்ந்துகொண்டு அனுமதி இல்லாமல் வானொலி நடத்தினார்கள் என்று படித்தேன். அங்கே பாட்டுப் போட்ட டிஜேக்களுக்கு அது ஒரு தொழிலா, இல்லை சில மாத சாகசமா? சட்டத்தை மீறியவர்களை அப்புறம் யார் வேலைக்கு எடுத்தார்கள்?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வயதில் ஒருவர் சட்டத்துக்கு எதிரே போய் நிற்கிறார். அதோடு அவர் பிழைப்பு முடிந்துபோகிறதா, இல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறதா? இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட ஒரே ஒருவருடைய கதையை முழுதாகச் சொல்வது நல்லது. ஜானி வாக்கர் என்ற டிஜேயின் கதையைச் சொல்கிறேன். 2024 டிசம்பர் 31 அன்று 79 வயதில் அவர் இறந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புவரை ஒலிவாங்கி முன்னால் இருந்தார்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் நிலையம் ஒன்றில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் கப்பல்களை நான் நேரில் பார்த்ததில்லை. அங்கே பதிவான ஒலிநாடாக்களை மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன்; அந்த மனிதர்கள் பின்னாளில் சொன்னவற்றைப் படித்திருக்கிறேன். ஆகவே டிரான்ஸ்மிட்டர், ஆண்டெனா பற்றிச் சொல்வது என் தொழில் அறிவு. மற்றவை ஆவணங்களில் இருப்பவை. அவர்களே சொல்லிக்கொண்டது என்றால் அப்படியே குறிப்பிடுகிறேன்.

முதலில், கப்பல் எதற்கு? 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வானொலி என்றால் பிபிசி மட்டும்தான். இளைஞர்கள் கேட்க விரும்பிய பாப் பாட்டு அதில் மிகக் குறைவு. பிபிசிக்கு ரசனை இல்லை என்பது மட்டும் காரணமில்லை. இசைத்தட்டு நிறுவனங்களும் இசைக்கலைஞர் சங்கமும் போட்டிருந்த ஒப்பந்தப்படி, ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று வரம்பு இருந்தது. மீதி நேரத்துக்கு வாத்தியக் குழுவை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து அதே பாட்டை வாசிக்கவைத்தார்கள். ஒரு வெற்றிப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டவருக்குப் பல நேரம் வேறு யாரோ பாடிய நகல்தான் கிடைத்தது. ராத்திரியில் ரேடியோ லக்ஸம்பர்க் என்ற வெளிநாட்டு வணிக நிலையம் வரும், அலை மங்கி மங்கி. அங்கேயும் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களே நேரத்தை விலைக்கு வாங்கி வைத்திருந்தன. ரோனன் ஓ'ராஹிலி என்ற அயர்லாந்து இளைஞர், தான் நிர்வகித்த பாடகரின் தட்டைப் போட எங்கேயும் இடம் கிடைக்காததால் சொந்தமாக நிலையமே தொடங்கியதாகச் சொல்வார். டென்மார்க்கில் 1958-லும் நெதர்லாந்தில் 1960-லும் கப்பல் வானொலி தொடங்கியாகிவிட்டது. அந்த வழியில் அவர் ஒரு பழைய டேனிஷ் பயணிக் கப்பலை வாங்கி, அப்பாவுக்குச் சொந்தமான கிரீனோர் என்ற அயர்லாந்துத் துறைமுகத்தில் ஆண்டெனாக் கம்பமும் டிரான்ஸ்மிட்டரும் பொருத்தி, 1964 ஈஸ்டர் சமயத்தில் ஒலிபரப்பைத் தொடங்கினார். ரேடியோ கரோலைன் பிறந்த கதை இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் கேள்வியின் பாதி இதில்தான் இருக்கிறது. பிரிட்டனின் கடல் எல்லை அப்போது மூன்று மைல். அதற்கு வெளியே, வெளிநாட்டுக் கொடியோடு நின்ற கப்பலைப் பிரிட்டிஷ் வானொலிச் சட்டம் தொட முடியவில்லை. எனவே 'கொள்ளை வானொலி' என்ற பெயர் இருந்தாலும், 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவு வரை அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த ஒரு பிரிட்டிஷ் டிஜே தன் நாட்டின் சட்டப்படி குற்றவாளி அல்ல. பதிப்புரிமைக் கட்டண விஷயத்தில் அந்த நிலையங்கள் சுத்தமாக இருக்கவில்லை. ஆனால் அது நடத்தியவர்கள் தலைவலி, பாட்டுப் போட்டவர் தலைவலி இல்லை. அந்த நள்ளிரவுக்குப் பிறகு கதை வேறு. இந்த எல்லைக்கோட்டை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் 'குற்றவாளிகளைப் பிபிசி எப்படி எடுத்தது' என்ற குழப்பம் வருகிறது.

ஜானி வாக்கரின் இயற்பெயர் பீட்டர் டிங்லி. 1945 மார்ச் 30 அன்று பர்மிங்ஹாம் பக்கத்தில் பிறந்தார். பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டு மோட்டார் கார் தொழிலுக்குப் போனார், கார் விற்றார், மாலையில் நடன அரங்குகளில் தட்டுப் போட்டார். 1966-ல் ஸ்விங்கிங் ரேடியோ இங்கிலாந்து என்ற புதிய கப்பல் நிலையத்தில் இடம் கிடைத்தது. அமெரிக்கப் பணத்தில், அமெரிக்க வேகத்தில், மூச்சு விடாமல் பேசும் பாணியில் நடந்த நிலையம் அது. சில மாதங்களில் மூடப்பட்டது. அதற்குள் அவர் கரோலைனுக்கு மாறிவிட்டார். அப்போது கரோலைனுக்கு இரண்டு கப்பல்கள்: ஒன்று அயர்லாந்துக் கடலில் மேன் தீவுக்கு அருகே, மற்றொன்று எஸ்ஸெக்ஸ் கரைக்கு எதிரே. எஸ்ஸெக்ஸ் பக்கம் நின்ற 'மி அமிகோ' கப்பலில்தான் வாக்கர் ஏறினார்.

கப்பலில் வாழ்க்கை எப்படி? பொதுவாக இரண்டு வாரம் கடல், ஒரு வாரம் கரை. சாப்பாடு, தண்ணீர், டீசல், புதுத் தட்டுகள், ரசிகர் கடிதங்கள் எல்லாம் ஒரு சிறு படகில் வரும். கடல் கொந்தளித்தால் படகு வராது. இரண்டு வாரம் மூன்றாகும். ஸ்டுடியோ கப்பலோடு சேர்ந்தே ஆடும். இசைத்தட்டின் ஊசி தாவும். நாணயத்தை ஊசிக் கையின்மேல் ஒட்டி ஓட்டியிருக்கிறார்கள். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது நாற்காலி நகரும்; டிஜே ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, குரலில் அது தெரியாமல் பல்பொடி விளம்பரம் வாசிக்க வேண்டும். அன்றைய பிபிசியில் அறிவிப்பாளர் பெரும்பாலும் எழுதிவைத்ததைப் படிப்பார். தட்டை வேறொருவர் சுழற்றுவார். கப்பலிலோ தட்டெடுப்பது, விளம்பர நாடாவைச் செருகுவது, ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பது, பேசுவது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள். நான் வேலை பார்த்த காலத்தில் பார்த்த நல்ல அறிவிப்பாளர்கள் எல்லாருக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு: கை தானாக வேலை செய்யும், மனசு முழுதும் கேட்பவரிடம் இருக்கும். அந்தப் பழக்கத்தை ஆடுகிற மேசையில் நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் பழகினால் நிலத்தில் ஐந்து ஆண்டில் வருவது ஓர் ஆண்டில் வந்துவிடும். அவர்கள் பெற்ற சம்பளத்தில் இதுதான் பெரிய பங்கு என்பது என் கருத்து.

என் துறை பற்றி ஒரு வார்த்தை. சின்னக் கப்பலிலிருந்து அவ்வளவு தூரம் எப்படிக் கேட்டது என்று பலர் வியப்பார்கள். மீடியம் வேவ் அலை தரையை ஒட்டிப் போகும். வறண்ட மண் அதை உறிஞ்சிவிடும், உப்புநீர் விடாது. நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பகலிலும் இலங்கை வானொலி எவ்வளவு துல்லியமாகக் கேட்டது என்பது நினைவிருக்கும்; நடுவில் கடல் இருந்ததுதான் காரணம். நிலத்தில் நாங்கள் கம்பத்தின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போலச் செம்புக் கம்பிகளை மண்ணில் புதைத்து 'எர்த்' செய்வோம். கப்பலில் அந்தச் செலவே இல்லை. இரும்பு உடல் உப்புநீரில் உட்கார்ந்திருக்கிறது, அதைவிட நல்ல எர்த் கிடையாது. மி அமிகோவில் முதலில் 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் இருந்தது. 1966-ல் 50 கிலோவாட் வந்தது. ஆனால் அந்தக் கம்பம் காற்றில் ஆடும், இழுவைக் கம்பிகளில் உப்பு படியும், மழையில் மின்பொறி பறக்கும். புயல் நாளில் எங்கள் கம்பத்தின் கம்பிகள் ஓலமிடும்போது உறுதியான தரையில் நின்றிருந்த எனக்கே வயிறு கலங்கியிருக்கிறது. அந்தக் கப்பல்களின் பொறியாளர்கள் அதே வேலையை ஆடுகிற தளத்தில், அலை உச்சத்தில் ஏறி இறங்கிக்கொண்டு செய்தார்கள். டிஜேக்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும், இவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஆபத்து வெறும் பேச்சில்லை. 1966 ஜனவரி 20 அன்று பனிக்காற்றில் மி அமிகோவின் நங்கூரம் பிடி விட்டு, கப்பல் ஃப்ரிண்டன் கரையில் ஏறி நின்றது. கரையிலிருந்து கயிறு கட்டி, அதில் தொங்கும் மிதவையில் உட்காரவைத்து டிஜேக்களை ஒவ்வொருவராக இழுத்தெடுத்தார்கள். பின்னாளில் பிரிட்டன் முழுக்கத் தெரிந்த டோனி பிளாக்பர்ன் அவர்களில் ஒருவர். நியூசிலாந்தில் ரேடியோ ஹவுராக்கி என்ற கப்பல் நிலையத்தின் ரிக் கிராண்ட் என்ற அறிவிப்பாளர் 1968 ஜனவரியில் கடலில் விழுந்து இறந்தே போனார்.

வாக்கரின் கப்பல் நாட்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ரிண்டன் விளக்குகள். கப்பல் நின்ற இடத்திலிருந்து அந்தக் கடற்கரை ஊர் மூன்றரை மைல். ராத்திரி நிகழ்ச்சியில் அவர், கரையோரம் கார் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் முகப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போடச் சொல்வார். கப்பலிலிருந்து பார்த்தால் இருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னும். அவர் கேள்வி கேட்பார். கார்கள் விளக்கால் பதில் சொல்லும். காதலியோடு வந்திருக்கிறாயா, பாட்டுப் பிடித்ததா என்று பேச்சு ஓடும். நாட்டின் மறுமூலையில் படுக்கையில் டிரான்சிஸ்டரைத் தலையணைக்கடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு விளக்கு தெரியாது. ஆனாலும் இருட்டில் ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறார், பதில் வருகிறது என்பது புரிந்தது. ஒலிபரப்புத் தொழிலின் பெரிய குறை என்ன தெரியுமா? பேசுபவருக்கு எதிரே யாரும் இல்லை. கண்ணாடிச் சுவர்தான் இருக்கும். கேட்பவர் இருக்கிறார் என்பதைக் கண்ணால் கண்டவருக்கு அப்புறம் சுவரைப் பார்த்துப் பேச வராது. பின்னாளில் ஐம்பதாண்டு கழித்தும் அவர் குரலில் அந்த நெருக்கம் குறையாமல் இருந்ததற்கு இந்த விளக்குகள் காரணம் என்று நம்புகிறேன். இதை நிரூபிக்க வழியில்லை. பதிவுகளைக் கேட்டு எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

நல்லதை மட்டும் சொன்னால் பதில் நேர்மையாக இருக்காது. 'சுதந்திர வானொலி' என்று பேசினாலும் டிஜேக்கு விருப்பமான பாட்டை மட்டும் போடும் சுதந்திரம் எப்போதும் இருந்ததில்லை. பிலிப் சாலமன் என்ற இசைத்தட்டு வியாபாரி 1966-ல் கரோலைன் நிர்வாகத்துக்குள் வந்தபிறகு, அவருடைய மேஜர் மைனர் நிறுவனத்துத் தட்டுகளும் காசு கொடுத்தவர்கள் தட்டுகளும் கட்டாயமாகப் போட வேண்டியதாயிற்று. வாக்கர் உட்படப் பலருக்கு அது கசந்தது. அதைவிட மோசமானதும் நடந்தது. தேம்ஸ் முகத்துவாரத்தில் போர்க்காலக் கோட்டைத் தூண்கள் மேலே ரேடியோ சிட்டி என்ற நிலையம் இருந்தது. 1966 ஜூனில் ஒரு வியாபாரத் தகராறில் எதிர்த் தரப்பினர் அந்தக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். அதற்கு மறுநாள், அதை நடத்திய ரெஜ் கால்வர்ட் எதிராளியின் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் தற்காப்புக்காகச் செய்தார் என்று நடுவர் குழு விடுதலை செய்தது. கப்பல் வானொலிகளைத் தடுக்க ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்த அரசுக்கு அந்தச் சாவு பெரிய காரணமாகக் கிடைத்தது.

சட்டம் வந்தது: கடல் ஒலிபரப்புக் குற்றச் சட்டம், 1967. கப்பலை அது தொடவில்லை, தொட முடியாது. அதற்குப் பதிலாக, பிரிட்டிஷ் குடிமக்கள் அங்கே வேலை செய்வதையும், விளம்பரம் கொடுப்பதையும், சாப்பாடு எண்ணெய் கொண்டுபோவதையும் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டு வரை சிறை. சட்டம் ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. மற்ற நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின. எல்லாரையும்விடச் சீராக நடந்த ரேடியோ லண்டன் என்ற கப்பல் நிலையம் 14-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு விடைபெற்றது. அதன் டிஜேக்கள் ரயிலில் லண்டன் வந்து இறங்கியபோது ரயில் நிலையத்தில் ரசிகர் கூட்டம் மொய்த்தது. அவர்கள் செய்தது சரியான முடிவு, சட்டப்படியும் தொழில்படியும். பிபிசி அந்தச் செப்டம்பர் 30-ல் ரேடியோ 1 என்ற புதிய பாப் அலைவரிசையைத் தொடங்கப் போகிறது, கப்பல் டிஜேக்களுக்கே அங்கே வேலை கிடைக்கும் என்பது தெரிந்திருந்தது.

கரோலைனின் ஓ'ராஹிலி மட்டும் நிறுத்த மாட்டேன் என்றார். வாக்கரும் ராபி டேல் என்ற இன்னொரு டிஜேயும் அவரோடு நின்றார்கள். அந்த நள்ளிரவின் ஒலிப்பதிவு இருக்கிறது. பன்னிரண்டு மணியை ஒட்டி 'வீ ஷல் ஓவர்கம்' என்ற உரிமைப் போராட்டப் பாட்டு ஒலிக்கிறது. கரோலைன் தொடர்கிறது என்று வாக்கர் சொல்கிறார். அடுத்து பீட்டில்ஸின் 'ஆல் யூ நீட் இஸ் லவ்'. அவருக்கு வயது 22. குரல் நடுங்குகிறதா என்று நான் பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, ஆனால் நடுங்கவில்லை. அந்தக் கணத்திலிருந்து அவர் தன் சொந்த நாட்டில் சட்டத்தை மீறியவர். இரண்டு கோடிப் பேர் அப்போது கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்வதுண்டு. இப்படிப்பட்ட எண்களை நான் ஏற்பதில்லை. நேயர் எண்ணிக்கை அன்று விளம்பரம் பிடிப்பதற்காகச் சொல்லப்பட்டது, பின்னர் ஆர்வத்தில் பெருகியது. கோடிக்கணக்கில் கேட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை, அது போதும்.

அதற்குப் பிறகு நடந்ததை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்த ஏறக்குறைய ஏழு மாதம்தான் அவருடைய உண்மையான சோதனை. பிரிட்டிஷ் விளம்பரங்கள் நின்றன. பக்கத்துத் துறைமுகத்திலிருந்து வந்த படகு நின்றது. எல்லாம் நெதர்லாந்திலிருந்து வட கடலைக் கடந்து வர வேண்டும், குளிர்காலத்தில். விடுமுறைக்கு ஊர் போகவே பயம். வருமானம் இல்லாத நிலையம் கடனில் ஓடியது. 1968 மார்ச் 3 அன்று காலை ஒலிபரப்பு தொடங்கவே இல்லை. கடன் பாக்கிக்காக டச்சு இழுவைப் படகு நிறுவனம் இரண்டு கப்பல்களையும் கட்டி இழுத்து ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோய்விட்டது. சட்டத்தால் நேரடியாக நிறுத்த முடியாததைக் கட்டாத பில் நிறுத்திற்று. நேயர்களிடம் விடைபெற ஒரு வார்த்தை பேசவும் வாய்ப்பில்லை.

இனி, யார் வேலைக்கு எடுத்தார்கள் என்பது. ரேடியோ 1-ன் முதல் குரல், 1967 செப்டம்பர் 30 காலை 7 மணிக்கு, அதே டோனி பிளாக்பர்ன். ஜான் பீல், கென்னி எவரெட், கீத் ஸ்க்யூஸ், எட் ஸ்டூவர்ட் என்று கப்பலிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். இவர்கள் எல்லாரும் நள்ளிரவுக்கு முன்பே இறங்கியவர்கள் என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. பிபிசிக்கு வேறு வழியும் இல்லை. நாள் முழுக்கப் பாப் நிகழ்ச்சி நடத்தத் தெரிந்த பிரிட்டிஷ் ஆட்கள் வேறு எங்கேயும் உருவாகியிருக்கவில்லை. வாக்கரின் நிலை வேறு. அவர் மீது வழக்கு ஒருபோதும் போடவில்லை. ஆனாலும் கதவு உடனே திறக்கவில்லை. 1969-ல்தான் ரேடியோ 1-க்குள் வந்தார். ஒன்றரை வருடத்துக்குள் கொஞ்சம் தணிந்துவிட்டது என்று பிபிசி நினைத்திருக்கலாம்; அது என் ஊகம்.

வந்தபிறகு நன்றாகவே வளர்ந்தார். 1970-களில் மதிய நேரம் அவருடையது. செவ்வாய்க்கிழமை மதியம் அந்த வாரத்தின் புதிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை அவர் வாசிப்பதை நாடே காத்திருந்து கேட்டது, பள்ளிப் பிள்ளைகள் டிரான்சிஸ்டரை ஒளித்துக் கொண்டுவந்து கேட்டார்கள். ஆனால் பட்டியலில் முதலிடம் இருப்பதெல்லாம் நல்ல பாட்டு என்று அவரால் நடிக்க முடியவில்லை. அன்று பெண்பிள்ளைகள் உருகிக் கிடந்த பே சிட்டி ரோலர்ஸ் குழுவின் இசை குப்பை என்று ஒலிபரப்பிலேயே சொன்னார். முழு இசைத்தொகுப்புகளிலிருந்து ஆழமான பாட்டுகளைப் போட விரும்பினார். நிலையம் வெற்றிப் பாட்டுகளைப் போடச் சொன்னது. 1976-ல் நாட்டிலேயே அதிகம் பேர் கேட்ட அலைவரிசையின் முக்கியமான நேரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குப் போனார். புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாலமனின் காசுத் தட்டைக் கசப்போடு போட்ட அதே ஆள்தான் இவர்.

1980-களின் தொடக்கத்தில் திரும்பி வந்தபோது பெரிய நிலையம் எதுவும் காத்திருக்கவில்லை. மேற்கு இங்கிலாந்தின் சிறிய வட்டார நிலையங்களில் வேலை பார்த்தார். ஒருகாலத்தில் கோடிக்கணக்கானோரிடம் பேசியவர் ஒரு மாவட்டத்துக்குப் பேசினார். எங்கள் தொழிலில் இப்படி இறங்கி வந்தவர்கள் பலர் கசந்துபோவார்கள், குரலிலேயே அது தெரியும். அவர் அப்படி ஆகவில்லை என்று பதிவுகள் சொல்கின்றன. மறுபடி ரேடியோ 1, அப்புறம் லண்டனின் பிபிசி வட்டார நிலையம். 1990 நவம்பரில் பிரதமர் மார்கரெட் தாட்சர் பதவி விலகிய அன்று, மக்கள் தெருவில் ஆடுவார்கள் என்பதுபோல் ஒலிபரப்பில் சொன்னதால் அந்த வேலை போயிற்று. பிபிசி அறிவிப்பாளர் அரசியல் சார்பு காட்டக்கூடாது என்பது விதி. விதியின்படி அவர்கள் செய்தது சரிதான். வாய் அப்படிப்பட்ட வாய்.

1990-களின் கடைசியில் பிபிசி ரேடியோ 2-ல் மாலை நேர நிகழ்ச்சி கிடைத்தது. கப்பல் காலத்துப் பிள்ளைகள் நடுவயதாகி வேலை முடிந்து கார் ஓட்டி வீடு திரும்பும் நேரம். 1999-ல் ஒரு பத்திரிகையின் பொறியில் சிக்கி போதைப்பொருள் வைத்திருந்த வழக்கில் அபராதம் கட்டினார், சில மாதம் நிகழ்ச்சி இல்லை. 2003-ல் நிணநீர்ப் புற்றுநோய். அதை நேயர்களிடம் தானே சொல்லிவிட்டுப் போனார், அடுத்த ஆண்டு திரும்பினார். 2006-ல் அரசு எம்பிஇ என்ற கௌரவ விருது கொடுத்தது. 39 ஆண்டுக்கு முன்பு எந்த அரசின் சட்டத்தை மீறி மைக் முன்னால் உட்கார்ந்தாரோ, அதே நாட்டின் விருது. 2009-லிருந்து ஞாயிறுதோறும் 1970-களின் பாட்டுகள் நிகழ்ச்சி. நுரையீரல் நாரிழை நோய் வந்தபிறகு வீட்டிலிருந்தே நடத்தினார். கடைசிக் காலத்துப் பதிவுகளில் வாக்கியத்துக்கு நடுவே மூச்சுக்கு நிற்பது கேட்கும். 2024 அக்டோபர் 27 அன்று கடைசி நிகழ்ச்சி. கப்பலில் ஏறியதிலிருந்து கணக்கிட்டால் 58 ஆண்டு.

ஆக, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கப்பல் வேலை பெரும்பாலோருக்குச் சில மாதங்களோடு முடிந்தது. பெயர் நிலைத்தவர்களை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வந்து, கடல் மயக்கத்தில் வாந்தியெடுத்து, இரண்டாம் முறை படகேறாமல் போனவர்கள் எத்தனையோ பேர். ஒரு வாக்கரை வைத்து 'துணிந்தவனுக்குத் தொழில் கிடைக்கும்' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அவருக்கு வழி கிடைத்ததற்கு அந்தக் காலத்தின் தேவை ஒரு காரணம்: ரேடியோ 1-க்கு அப்படிப்பட்ட ஆட்கள் வேண்டியிருந்தார்கள். 1984-ல் லேசர் 558 என்ற கப்பல் நிலையம் அமெரிக்க டிஜேக்களை வைத்து வட கடலில் நடந்தபோது அப்படி ஒரு கதவு யாருக்கும் அகலமாகத் திறக்கவில்லை. அதற்குள் பிரிட்டனில் உரிமம் பெற்ற வணிக வானொலிகள் வந்துவிட்டன, நிறைய டிஜேக்களும் உருவாகிவிட்டார்கள். சட்டத்தை மீறியது அவரைப் பெரியவராக்கவில்லை. ஏற்கெனவே அவருக்குள் இருந்த பிடிவாதம் முதலில் வெளியே தெரிந்த இடம் அந்த நள்ளிரவு. அதே பிடிவாதம்தான் 1976-லும் 1990-லும் வேலையைப் பறித்தது, 2024 வரை குரலை உயிரோடு வைத்ததும் அதுதான்.

கரோலைன் என்ன ஆயிற்று என்றும் கேட்கத் தோன்றும். மி அமிகோ மறுபடி கடலுக்கு வந்து, 1980 மார்ச்சில் புயலில் மூழ்கியது, ஆட்கள் காப்பாற்றப்பட்டார்கள். 1983-ல் 'ராஸ் ரிவெஞ்ச்' என்ற பழைய மீன்பிடிக் கப்பலில் திரும்ப எழுந்தது. அதன் கம்பம் 300 அடி. அது கப்பலைச் சாய்த்துவிடாமலிருக்க அடியில் நூற்றுக்கணக்கான டன் கான்கிரீட் கொட்டினார்கள். 1987 நவம்பரில் அந்தக் கம்பமும் விழுந்தது. இன்று அந்தக் கப்பல் எஸ்ஸெக்ஸின் பிளாக்வாட்டர் ஆற்று முகத்துவாரத்தில் நங்கூரமிட்டு நிற்கிறது. 2017-லிருந்து 648 கிலோஹெர்ட்ஸில், முறையான உரிமத்தோடு, கரோலைன் ஒலிக்கிறது, இணையத்திலும் கேட்கலாம்.

நேரம் இருந்தால் 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவுப் பதிவைத் தேடிக் கேளுங்கள், காதில் ஹெட்போன் வைத்து. பிறகு 2024-ல் அவர் பேசிய கடைசி நிகழ்ச்சியையும் கேளுங்கள். முதல் பதிவில் அலையின் இரைச்சலுக்கு மேலே வேகமாகப் பேசுகிறார். இரண்டாவதில் மூச்சுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். ஒரு வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் குரலை லேசாக இறக்கி, எதிரே இருப்பவர் பதில் சொல்ல இடம் விடுவதுபோல் அரை நொடி காத்திருப்பார். அந்த அரை நொடி இரண்டிலும் இருக்கிறது.